ஐஸ்லாந்தில் 48 மணி நேரம்: அப்பா அம்மாவோடு இறங்கலாமா?

தாமிரபரணி · மார்ச் 8, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பாஸ்டனில் இருக்கிறோம். அப்பா அம்மா மே மாதம் இங்கே வருகிறார்கள். செப்டம்பர் கடைசியில் நவராத்திரிக்கு நாலு பேரும் சேர்ந்தே ஊருக்குக் கிளம்புகிறோம். ஐஸ்லாண்டேரில் பாஸ்டன் - பிராங்க்ஃபர்ட் டிக்கெட் எடுத்தால் நடுவில் ஐஸ்லாந்தில் 7 நாள் வரை தங்கலாம், அதற்காக விமானக் கட்டணம் ஏறாது என்கிறார்கள். எங்களுக்கு லீவு இடம் கொடுப்பது 2 இரவுக்குத்தான். பிராங்க்ஃபர்ட்டிலிருந்து வளைகுடா வழியாகச் சென்னைக்குத் தனி டிக்கெட்.

என் பட்டியல்: ப்ளூ லகூன் வெந்நீர்க் குளம், அருவி, வெந்நீர் ஊற்று எல்லாம் சேர்ந்த கோல்டன் சர்க்கிள் சுற்றுப்பாதை, கறுப்பு மணல் கடற்கரை, பனிக்கட்டி மிதக்கும் ஏரி, வடதுருவ ஒளி. அப்பாவுக்கு 68 வயது, மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. புரட்டாசி வேறு, இரண்டு பேரும் அசைவம் தொட மாட்டார்கள். இதெல்லாம் 2 நாளில் நடக்குமா?

பனங்காட்டான் · மார்ச் 8, இரவு 11:25

நடக்காது. மூன்று தடவை போனவன் சொல்கிறேன்.

முதலில் உங்கள் 48 மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள். பாஸ்டனில் இரவு 9:30 வாக்கில் ஏறுவீர்கள். ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பறந்தால் ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் விமான நிலையம். அங்கே காலை 6:30. உங்கள் உடம்புக்கோ நடு இரவு 2:30. சாப்பாடு, அறிவிப்பு, விளக்கு எல்லாம் போக விமானத்தில் மூன்று மணி நேரம் தூங்கினாலே பெரிய விஷயம். அந்த நிலையில் 68 வயதுக்காரரைக் காரில் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத சாலையில் ஓட்டப் போகிறீர்களா?

அடுத்தது கிளம்பும் நாள். அந்த விமான நிலையம் ஓடும் விதமே தனி. அமெரிக்காவிலிருந்து வரும் விமானங்கள் விடியற்காலையில் கூட்டமாக வந்து இறங்கும், அதே கூட்டம் ஏழரை மணி வாக்கில் ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிடும். உங்களுடையதும் பெரும்பாலும் அந்த நேரம்தான் இருக்கும். 5 மணிக்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அதனால் மூன்றாம் நாள் என்று ஒன்று கிடையாது. முதல் நாள் பாதித் தூக்கம். முழுசாகக் கையில் இருப்பது ஒரே ஒரு நாள்.

அந்த ஒரு நாளில் கோல்டன் சர்க்கிள் போங்கள். மற்றதை அடுத்த பிறவிக்கு வையுங்கள்.

மைல்கல் · மார்ச் 9, காலை 7:02

அவ்வளவு பயப்படத் தேவையில்லை. நாங்கள் நண்பர்கள் மூன்று பேர் ஒரே நாளில் தலைநகர் ரேக்யாவிக்கில் இருந்து யோகுல்சார்லோன் பனி ஏரி வரை போய்த் திரும்பினோம். காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 11-க்கு வந்துவிட்டோம். வழியில் இரண்டு அருவி, கறுப்பு மணல் கடற்கரை எல்லாம் பார்த்தாயிற்று. மனசு இருந்தால் மார்க்கம் உண்டு.

பனங்காட்டான் · மார்ச் 9, காலை 7:30

மைல்கல், ஒரு வழிக்கே 370 கிலோமீட்டர். போக வர 740. நகரத்துக்கு வெளியே தார்ச்சாலையில் வேக வரம்பு 90, வழியில் கிராமங்களில் 50. அதாவது சக்கரத்துக்குப் பின்னால் மட்டும் ஒன்பது பத்து மணி நேரம். நீங்கள் போனது எந்த மாதம்?

மைல்கல் · மார்ச் 9, காலை 7:41

ஜூன்.

பனங்காட்டான் · மார்ச் 9, காலை 7:44

அதானே. ஜூனில் அங்கே இருட்டே கிடையாது. இவர்கள் போவது செப்டம்பர் கடைசி, ஏழே கால் வாக்கில் விடிந்து ஏழரைக்குள் சூரியன் போய்விடும். அதோடு உங்கள் மூன்று பேரில் யாருக்கும் முழங்கால் வலி இருந்திருக்காது.

சும்மா_வந்தேன் · மார்ச் 9, காலை 8:15

திருப்பதிக்கு ஒரு நாள் டூர் பஸ்ஸில் போய் "சாமி பார்த்தேன்" என்று சொல்வது போல, மைல்கல் ஐஸ்கட்டி பார்த்தார்.

குறிப்பேடு · மார்ச் 9, பகல் 1:10

எல்லோரும் ஊர் சுற்றுவதிலேயே இருக்கிறீர்கள். விசா பற்றி யாரும் பேசவில்லை.

ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் 2001 முதல் ஷெங்கன் பகுதிக்குள் (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய பகுதி) இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரவே ஷெங்கன் விசா வேண்டும். "அமெரிக்க விசா இருக்கிறதே, கிரீன் கார்டு இருக்கிறதே" என்பதெல்லாம் அங்கே செல்லாது. இது தெரியாமல் டிக்கெட் எடுத்துவிட்டுப் பிறகு தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் பெற்றோர் விஷயத்தில் இன்னொரு சிக்கல். ஷெங்கன் விசாவுக்கு அவரவர் வசிக்கும் நாட்டில் விண்ணப்பிப்பதுதான் விதி. சுற்றுலா விசாவில் பாஸ்டன் வந்த பிறகு அங்கே விண்ணப்பித்தால், "ஏன் உங்கள் ஊரில் செய்யவில்லை" என்று கேட்பார்கள். காரணம் சொல்ல வேண்டி வரும், ஏற்பது அவர்கள் இஷ்டம். நல்லவேளை, பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். உங்கள் பயணம் செப்டம்பர் கடைசி, அவர்கள் கிளம்புவது மே. ஏப்ரலில் இந்தியாவில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளிலிருந்து குறைந்தது 3 மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும்.

கெஃப்லாவிக் - பிராங்க்ஃபர்ட் விமானம் ஷெங்கனுக்குள்ளேயே ஓடுவது. உள்ளே வரும்போது கெஃப்லாவிக்கில் குடியேற்றச் சோதனை, வெளியேறுவது பிராங்க்ஃபர்ட்டில். அதனால் ஒரு முறை நுழையும் விசாவே போதும். பிராங்க்ஃபர்ட்டில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி போடவும் அதுவே உதவும்.

தாமிரபரணி · மார்ச் 9, இரவு 9:18

குறிப்பேடு அவர்களே, இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் ஆகஸ்டில்தான் யோசித்திருப்பேன். மிக்க நன்றி. நாளைக்கே அப்பாவிடம் சொல்லி ஆவணங்களைச் சேர்க்கச் சொல்கிறேன்.

பனங்காட்டான் அண்ணா, ஏரியை விட்டுவிட்டேன். கறுப்பு மணல் கடற்கரையாவது?

வடமராட்சி_அக்கா · மார்ச் 10, காலை 6:50

தங்கச்சி, நான் லண்டனில் இருக்கிறேன். எங்களுக்கு அது மூன்று மணித்தியாலப் பறப்புத்தான், அதனால் நாங்கள் அடிக்கடி போறது. ரெய்னிஸ்ஃப்யாரா கடற்கரை சரியான வடிவு, பொய் சொல்லமாட்டேன். கல்லெல்லாம் அடுக்கி வைத்த தூண் மாதிரி நிற்கும். ஆனால் அந்தக் கடலை நம்ப ஏலாது. பத்துப் பதினைந்து அலை சும்மா வந்து காலைத் தொட்டுவிட்டுப் போகும், அதுக்குப் பிறகு ஒன்று வரும் பாருங்கோ, நிற்கிற இடத்துக்கு மேலாலே வந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும். கனபேர் செத்திருக்கினம். அதுக்கென்றே எச்சரிக்கை விளக்கும் போட்டிருக்கினம். முழங்கால் வலியோடு அம்மா பின்னாலே ஓட மாட்டா.

தூரமும் கூட. ரேக்யாவிக்கில் இருந்து 180 கிலோமீட்டருக்கு மேலே. இரண்டு நாளுக்குள் வேண்டாம்.

ப்ளூ லகூனுக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ. 37, 38 பாகை இளஞ்சூட்டுத் தண்ணி, பால் கலந்த மாதிரி நீலம், சுற்றிவர எரிமலைக் குழம்பு இறுகின கறுப்புக் கல். அம்மாவின்ர முழங்காலுக்கு அதைவிட வேற மருந்து இல்லை. மூன்று விஷயம் மட்டும் மறக்காதையுங்கோ. ஒன்று, முன்கூட்டியே பதிய வேண்டும், நேரே போய் நின்றால் இடம் கிடைக்காது. இரண்டு, தலைமுடியை நனைக்க விடாதையுங்கோ. அந்தத் தண்ணியில் இருக்கிற சிலிக்கா பட்டால் மூன்று நாளைக்குத் தும்புக்கட்டை மாதிரி நிற்கும். மூன்று, வெள்ளி நகை. பொன்னுக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளி கறுத்துப்போகும். அம்மா மெட்டி போடுறவவா?

தாமிரபரணி · மார்ச் 10, காலை 9:05

ஐயோ அக்கா, மெட்டி, கொலுசு இரண்டும் போடுவார். கொலுசைக் கழற்றிவிடலாம். மெட்டி 40 வருஷமாக விரலோடு ஒட்டியிருக்கிறது.

இன்னொன்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. குளிப்பதற்கு முன்னால் எல்லோர் எதிரிலும் துணியில்லாமல் குளிக்க வேண்டும் என்று படித்தேன். அம்மா இதைக் கேட்டால் விமானத்திலேயே ஏற மாட்டார்.

வடமராட்சி_அக்கா · மார்ச் 10, மாலை 6:22

உண்மைதான், ஊர்ச் சனம் போற பொதுக் குளங்களில் அதுதான் வழக்கம். தண்ணிக்குள் மருந்து குறைவாய்ப் போடுகினம், அதனால் சவர்க்காரம் போட்டு முழுக உடம்பைக் கழுவின பிறகுதான் இறங்க விடுவினம். பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி. ஒருவரும் ஒருவரையும் பார்க்கிறதில்லை, பழகின பிறகு ஒன்றுமே இல்லை. ஆனால் ப்ளூ லகூனில் கதவு போட்ட தனி அறைகள் இருக்கு. அம்மாவிடம் அதை மட்டும் சொல்லுங்கோ.

சும்மா_வந்தேன் · மார்ச் 10, மாலை 7:00

அந்த ப்ளூ லகூன் பக்கத்தில்தானே எரிமலை வெடித்துக்கொண்டே இருக்கிறது? வெந்நீர் கேட்டால் குழம்பே வந்துவிடப் போகிறது.

குறிப்பேடு · மார்ச் 10, இரவு 8:35

சிரிப்பதற்கில்லை, நிஜம்தான். 2023 நவம்பர் 10 இரவு பக்கத்திலிருக்கும் க்ரிண்டாவிக் என்ற மீனவ ஊரையே காலி செய்தார்கள். டிசம்பரில் நிலம் பிளந்து குழம்பு வந்தது. 2024 ஜனவரியில் ஊருக்குள்ளேயே வந்து மூன்று வீடுகளைத் தின்றது. பிப்ரவரியில் சூடான நீர் போகும் குழாயைக் குழம்பு அறுத்ததில் அந்தத் தீபகற்பமே கடுங்குளிரில் வெந்நீர் இல்லாமல் கிடந்தது. நவம்பரில் லகூனின் கார் நிறுத்துமிடம் குழம்புக்கு அடியில் போயிற்று. அந்த லகூனைப் பல தடவை மூடித் திறந்திருக்கிறார்கள்.

ஆனால் விமானங்களுக்கு இதனால் பெரிய தொந்தரவு இல்லை. 2010-இல் ஏயாஃப்யாட்லாயோகுல் வெடித்தபோது ஐரோப்பாவில் ஏறத்தாழ 1 லட்சம் விமானங்கள் ரத்தானதே, அது வேறு ரகம். அங்கே எரிமலை பனிப்பாறைக்கு அடியில் இருந்தது. குழம்பும் பனி உருகிய நீரும் மோதி நுண்ணிய சாம்பலாக வெடித்து மேலே போனது. இங்கே தரை பிளந்து குழம்பு வழிகிறது, அவ்வளவுதான். சாம்பல் மிகக் குறைவு.

திருப்பிக் கொடுக்கும் வசதியோடு டிக்கெட் எடுங்கள். போகும் வாரத்தில் ஐஸ்லாந்து வானிலைத் துறையின் தளத்தைப் பாருங்கள். மூடியிருந்தால் ரேக்யாவிக்கை ஒட்டிய கோபவோகூரில் 2021-இல் திறந்த ஸ்கை லகூன் இருக்கிறது.

தாமிரபரணி · மார்ச் 11, இரவு 10:12

எரிமலை, குழாய் எல்லாம் அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் கயத்தாறு துணை மின்நிலையத்தில் வெகு காலம் இருந்தவர். அருவி, ஏரி எதையும் கேட்கவில்லை. "அந்த வெந்நீரை எதில் கொண்டு போறாங்க? எத்தனை கிலோமீட்டர்? வழியில சூடு எவ்வளவு குறையும்?" என்று அரை மணி நேரம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பனங்காட்டான் · மார்ச் 11, இரவு 11:50

அப்படிச் சொல்லுங்கள்! இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் வேறு பாதை போட்டுக் கொடுத்திருப்பேனே.

ரேக்யாவிக்கிலிருந்து அரை மணி நேரத்துக்குள், 1-ஆம் எண் சாலையை ஒட்டியே ஹெல்லிஷெய்தி புவிவெப்ப மின்நிலையம் இருக்கிறது. 303 மெகாவாட் மின்சாரம், அதோடு தலைநகருக்கு வெந்நீரும். உள்ளே போய்ப் பார்க்கக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். சுழலிக் கூடத்தைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அப்பாவின் குழாய்க் கேள்விக்கும் பதில் உண்டு: நெஸ்யாவெல்லிர் என்ற இன்னொரு நிலையத்திலிருந்து நகரத்துக்கு 27 கிலோமீட்டர் குழாய். வழியில் 2 டிகிரி கூடக் குறைவதில்லை. அந்த நாட்டில் பத்தில் ஒன்பது வீட்டுக்கு இந்தப் பூமிச் சூடுதான் கணப்பு.

அதனால் கோல்டன் சர்க்கிளைத் தலைகீழாகச் சுற்றுங்கள். எல்லா டூர் பஸ்ஸும் முதலில் பழைய நாடாளுமன்றம் கூடிய திங்வெல்லிர் பள்ளத்தாக்குக்குப் போகும். நீங்கள் ஹெல்லிஷெய்தியில் தொடங்கி, கெரித் எரிமலைக் குழி, குல்ஃபோஸ் அருவி, கெய்சிர் வெந்நீர் ஊற்று, கடைசியில் திங்வெல்லிர் என்று வாருங்கள். கூட்டத்தை எதிர்த் திசையில் கடந்துவிடலாம். மொத்தம் 250 கிலோமீட்டர் சுமார்.

கார் பற்றிச் சில:

பெட்டிகள். நாலு பேர், ஊருக்குப் போகிறீர்கள் என்றால் எட்டுப் பெட்டி இருக்கும். (மலிவு டிக்கெட்டில் பெட்டி சேர்த்தியில்லை, பார்த்து எடுங்கள்.) எட்டுப் பெட்டி ஏறும் கார் எடுத்தால் சொத்து போய்விடும். விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் நகரத்துக்குப் போங்கள், முக்கால் மணி நேரம். பெட்டியை ஓட்டலில் போட்டுவிட்டு, மறுநாள் ஒரு நாளுக்கு மட்டும் சின்னக் கார்.

பெட்ரோல். ஆளில்லாத பம்புகள் நிறைய. அட்டையோடு ரகசிய எண் கேட்கும். அமெரிக்கக் கிரெடிட் கார்டு பலவற்றுக்கு அந்த எண் கிடையாது. எண் உள்ள டெபிட் கார்டு ஒன்று கையில் இருக்கட்டும். மற்றபடி ரொக்கமே மாற்ற வேண்டாம், கழிப்பறைக்கும் அட்டைதான்.

காற்று. நம் ஊரில் ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள். அங்கே வருஷம் முழுக்க ஆடி. கார்க் கதவை ஒரு கையால் திறந்தால் காற்று பிடுங்கி மடக்கிவிடும், காப்பீடு பெரும்பாலும் அதற்குப் பணம் தராது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திறக்கச் சொல்லுங்கள். இரண்டு தட வட்டச் சந்திப்பில் உள்வட்டத்தில் இருப்பவனுக்குத்தான் முன்னுரிமை. அமெரிக்கப் பழக்கத்தில் வெளிவட்டத்தில் போனால் இடிப்பீர்கள்.

மணிக்குறவை · மார்ச் 12, காலை 6:30

சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன். வெளியே சாப்பிட்டால் விலை கண்ணைக் கட்டும். பன்றிப் பொம்மை போட்ட போனஸ் கடையில் ரொட்டி, பழம், ஸ்கீர் என்று கெட்டித் தயிர் மாதிரி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் சாதத்தைப் போட்டுப் பிசைந்தால் அருமையான தயிர்சாதம். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி கொண்டு போங்கள். பச்சை இறைச்சி, காய்ச்சாத பால் பொருளைத்தான் சுங்கத்தில் தடுப்பார்கள்.

முக்கியமானது: அமெரிக்காவில் வாங்கிய ரைஸ் குக்கரை எடுத்துப் போகாதீர்கள். அது 120 வோல்ட். அங்கே 230. முனையை மாற்றும் அடாப்டர் போட்டால் சொருகத்தான் முடியும், வோல்ட் மாறாது.

மட்டுறுத்துநர் · மார்ச் 12, காலை 10:00

விசா பற்றிய கூடுதல் கேள்விகளை விசாப் பிரிவில் கேட்கவும். இழை திசை மாறாமல் போகட்டும். மைல்கல் - பனங்காட்டான் இருவரின் கடைசி ஆறு பதிவுகள் நீக்கப்பட்டன.

தாமிரபரணி · அக்டோபர் 14, இரவு 8:30

எல்லோருக்கும் வணக்கம். போய் வந்தாயிற்று. நவராத்திரியும் முடிந்து பாஸ்டன் திரும்பிவிட்டோம். இந்த இழையில் கடன்பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக.

விசா ஏப்ரலிலேயே கிடைத்துவிட்டது. 23-ஆம் தேதி காலை 6:40-க்கு இறங்கினோம். கதவைத் திறந்ததும் அடித்த காற்றில் அப்பா சொன்ன முதல் வார்த்தை: "கயத்தாறு மாதிரியே இருக்கு."

பஸ்ஸில் ரேக்யாவிக். ஓட்டலில் அறை மதியம்தான் என்றார்கள். பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஹல்க்ரிம்ஸ்கிர்க்யா தேவாலயம் வரை மெதுவாக நடந்தோம். எரிமலைக் கல் தூண்களைப் பார்த்துக் கட்டிய மாதிரி 74 மீட்டருக்கு மேல் உயரம், உள்ளே அலங்காரமே இல்லை. அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தால் மூன்று பேருமே தூங்கிக்கொண்டிருந்தார்கள். பனங்காட்டான் அண்ணா சொன்னது அப்போதுதான் உறைத்தது. அந்த நிலையில் யாரையும் கார் ஓட்ட விட்டிருக்க முடியாது.

மாலை ப்ளூ லகூன், அதுவும் பஸ்ஸில். வழியில் இருபுறமும் குழம்பு, புதிதாக இறுகியது, சில இடத்தில் இன்னும் லேசாக ஆவி. தண்ணீரில் இறங்க அம்மா பத்து நிமிஷம் யோசித்தார். இறங்கின பிறகு வெளியே வர ஒன்றரை மணி நேரம் யோசித்தார். முகத்தில் வெள்ளைக் களிம்பு பூசிக்கொண்டு, கொண்டையைத் தூக்கிக் கட்டி, கழுத்து வரை தண்ணீரில் நின்றபடி பக்கத்தில் இருந்த ஒரு போலந்துப் பாட்டியிடம் சைகையிலேயே முழங்கால் வலி பற்றிப் பேசினார். அந்தப் பாட்டிக்கும் இரண்டு முழங்காலிலும் வலியாம்.

வடமராட்சி அக்கா, மெட்டி கழலவே இல்லை. சோப்புப் போட்டுப் பார்த்தோம். அப்படியே இறங்கிவிட்டார். வெளியே வந்து பார்த்தால் அடுப்புக்கரி நிறம். அம்மா முகமும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆயிற்று.

மறுநாள் கார். அங்கே ஒரு வேடிக்கை. அப்பாவுக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், பின்பெயர் இல்லை. அமெரிக்க விசாவில் அதனால் "முதற்பெயர் தெரியாது" என்று பொருள்படும் மூன்றெழுத்தைப் போட்டுவிட்டார்கள். ஐந்து மாதமாக மருந்துக் கடை முதல் எல்லா இடத்திலும் அந்த மூன்றெழுத்தே அவர் பெயர். கார்க் கவுண்டரில் என்னிடமும் குடும்பப் பெயர் எது என்றுதான் கேட்பார்கள் என்று நினைத்து, "இது எங்கள் அப்பா பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை" என்று விளக்க ஆரம்பித்தேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவர்களுக்கும் அதேதானாம். அப்பா பெயரோடு மகன் என்றால் "சோன்", மகள் என்றால் "தோத்திர்". தொலைபேசிப் புத்தகம் அச்சிட்ட காலத்தில் அதிலேயே சொந்தப் பெயர் வரிசைதானாம். "அப்போ இவங்களுக்கும் இனிஷியல்தான்" என்று அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி.

ஹெல்லிஷெய்தியில் அரை மணி நேரம் என்று திட்டம். இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. சுழலிகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, ஊழியரிடம் குழாய்கள் ஏன் நேராகப் போகாமல் நெளிந்து போகின்றன என்று கேட்டார். பதிலை அவரே சொல்லவும் செய்தார்: சூட்டில் இரும்பு நீளும், அதற்கு இடம் விட்டிருக்கிறீர்கள். அந்த ஊழியர் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் இடையில் மொழிபெயர்ப்பாளர். அம்மாவும் என் கணவரும் கீழே காப்பி குடித்துக்கொண்டு இருந்தார்கள். என்ன செய்வது, கெரித்தை விட்டுவிட்டோம்.

குல்ஃபோஸ். இரண்டு படியாக 32 மீட்டர் இறங்குகிறது, நம் குற்றாலம் மாதிரி அடியில் போய் நிற்க முடியாது, மேலிருந்து பார்ப்பதுதான். நூறு வருஷத்துக்கு முன்னால் இதில் மின் திட்டம் போட இருந்தார்களாம். சீக்ரீதூர் தோமஸ்தோத்திர் என்ற விவசாயி மகள் ரேக்யாவிக் வரை நடந்தே போய் எதிர்த்திருக்கிறாள், அணை கட்டினால் அருவியில் குதித்துவிடுவேன் என்றாளாம். அவளுக்கு வாதாடிய வக்கீல்தான் பிறகு நாட்டின் முதல் ஜனாதிபதி. அவள் முகம் செதுக்கிய கல் இருக்கிறது. மின்வாரியக்காரர் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "எத்தனை மெகாவாட்டுக்குத் திட்டம்னு போடலையே" என்றார்.

காற்று அங்கேதான் தன் வேலையைக் காட்டியது. அப்பா இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், அதற்கு முன் நான் நாலு தடவை கத்தியிருந்தேன். பக்கத்துக் காரில் ஒருவர் கதவு எதிர்ப்பக்கம் மடங்கிக் கிடந்தது.

கெய்சிரில்தான் அம்மா வாயைத் திறந்து பார்த்தார். பழைய கெய்சிர் இப்போது சும்மா கிடக்கிறது, அதன் பெயரில்தான் நம் வீட்டுக் குளியலறைக் கீசர். பக்கத்தில் ஸ்ட்ரோக்கூர் ஐந்து முதல் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பீறிடுகிறது. பீறிடுவதை விட அதற்கு முந்தின ஒரு நொடிதான் விஷயம். குழியில் தண்ணீர் மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். திடீரென்று நடுவில் நீலக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல வழவழவென்று உப்பும், உள்ளே ஆவி தெரியும். நாம் "அதோ" என்பதற்குள் உடைந்து மேலே போய்விடும். எட்டுத் தடவை பார்த்தோம். அந்தக் கிண்ணத்தை என் போனில் ஒரு தடவைதான் பிடிக்க முடிந்தது.

திங்வெல்லிருக்குப் போகும்போது ஆறரை மணி. வெளிச்சம் சாய்ந்திருந்தது, பஸ்கள் எல்லாம் போய்விட்டன. 930-இல் நாடாளுமன்றம் கூடிய இடம். பாறைச் சுவர்களுக்கு நடுவே அந்தப் பாதையில் நாங்கள் நாலு பேர், தூரத்தில் இரண்டு பேர். அம்மா பாதியில் நின்றுகொண்டார். நான் "ஒரு கால் அமெரிக்காவில், ஒரு கால் ஐரோப்பாவில்" என்று படம் எடுத்துக்கொண்டேன்.

வடதுருவ ஒளி: முதல் இரவு மேகம். இரண்டாம் இரவு 11 மணிக்கு ஓட்டல் வாசலில் சாம்பல் புகை மாதிரி ஏதோ. போனில் எடுத்தால் பச்சை. பத்து நிமிஷம். அம்மாவை எழுப்பினேன், "படத்துல காட்டு" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மணிக்குறவை மன்னிக்க வேண்டும். அம்மா என்னிடம் சொல்லாமல் ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைத்திருந்தார். முதல் நாள் இரவு நான் குளிக்கப் போயிருந்தபோது அடாப்டரில் சொருகிவிட்டார். குளியலறையில் ஏற்கெனவே வெந்நீரில் கந்தக வாடை, அழுகின முட்டை மாதிரி. அதனால் வயர் கருகின வாடை எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்தால் அறை முழுக்கப் புகை, அப்பா ஜன்னலைத் திறந்து துண்டால் விசிறிக்கொண்டிருக்கிறார். 35 வருஷம் மின்வாரியத்தில் இருந்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்!

குறிப்பேடு · அக்டோபர் 14, இரவு 9:20

நல்ல பதிவு. ஒரு திருத்தம் மட்டும். திங்வெல்லிரில் இரண்டு கண்டத் தட்டுக்கும் நடுவே ஒற்றைக் கோடு எதுவும் இல்லை. பல கிலோமீட்டர் அகலப் பிளவுப் பள்ளத்தாக்கு அது, ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகுகிறது. நீங்கள் கால் வைத்தது இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில்.

சும்மா_வந்தேன் · அக்டோபர் 14, இரவு 9:24

விசா இல்லாத நிலம் அதுதான் போல.

வடமராட்சி_அக்கா · அக்டோபர் 15, காலை 7:15

மெட்டிக்குக் கவலைப்படாதையுங்கோ. திருநீறு எடுத்து ஈரத் துணியால் நல்லாய்த் தேய்க்கச் சொல்லுங்கோ, பளிச்சென்று வரும்.

தாமிரபரணி · அக்டோபர் 15, காலை 8:40

வந்துவிட்டது அக்கா. பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலேயே, கைப்பையிலிருந்த திருச்செந்தூர் விபூதியை எடுத்து உட்கார்ந்து தேய்த்துவிட்டார்.

பனங்காட்டான் · அக்டோபர் 15, பகல் 12:05

கெரித்தை விட்டதற்கு வருத்தப்பட வேண்டாம். அது போகட்டும், அந்தக் குக்கர் என்ன ஆயிற்று?

தாமிரபரணி · அக்டோபர் 15, இரவு 9:50

தூக்கிப் போட அம்மா விடவில்லை. இப்போது திருநெல்வேலியில் ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் சரிபண்ணக் கொடுத்திருக்கிறார். காயில் மாற்றினால் ஓடும் என்றார்களாம். அப்பா மட்டும் "230-க்கே போடச் சொல்லு" என்று தினமும் ஞாபகப்படுத்துகிறார்.